பழைய ஸ்கார்பியோ வாங்கப் போகிறேன், எங்கெல்லாம் பார்க்க வேண்டும்?

திருநகர் சிவா
எல்லாருக்கும் வணக்கம். மதுரையில் இருக்கிறேன். வீட்டில் ஏழு பேர், அடிக்கடி போடி பக்கம் தோட்டத்துக்கு மேலே ஏற வேண்டியிருக்கிறது, அந்த ரோட்டில் சின்ன கார் என்றால் அடி தட்டுகிறது. புது எஸ்.யூ.வி. விலைக்கெல்லாம் நமக்குக் கட்டாது. தூத்துக்குடியில் ஒரு 2012 ஸ்கார்பியோ வி.எல்.எக்ஸ். விலைக்கு வந்திருக்கிறது. எம்-ஹாக் டீசல் இன்ஜின், இரண்டாவது ஓனர், மீட்டரில் 1,38,000 கி.மீ., கேட்பது நாலேகால் லட்சம். போட்டோவில் பளபளவென்று இருக்கிறது, முன்னால் பெரிய கம்பி கார்டு, புது சீட் கவர் எல்லாம் போட்டிருக்கிறார்கள். தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கூட்டிப் போகத்தான் போகிறேன், ஆனாலும் அவர் எதைப் பார்க்கிறார், எதை விடுகிறார் என்று எனக்கும் தெரிய வேண்டும் இல்லையா. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

டீசல்புகை
முதல் வேலை, நீங்கள் வருகிற நேரத்தைச் சரியாகச் சொல்லாதீர்கள். சொன்னால் ஸ்டார்ட் பண்ணிச் சூடாக்கி வைத்திருப்பார்கள். போனதும் பானெட் மேல் கை வையுங்கள், சில்லென்று இருக்க வேண்டும். பழைய டீசல் வண்டியின் வண்டவாளம் முழுக்க அந்த முதல் ஸ்டார்ட்டில்தான் இருக்கிறது. சாவியைப் போட்டு ஹீட்டர் லைட் அணைந்ததும் அடித்தால் இரண்டு மூன்று நொடிக்குள் பிடித்துக்கொள்ள வேண்டும். உங்கள் ஆள் ஒருவர் அப்போது பின்னால் சைலன்சர் பக்கம் நிற்கட்டும். ஆரம்பத்தில் லேசாக ஒரு புகை வந்து அடங்கினால் போகட்டும். நீலமாக வந்துகொண்டே இருந்தால் ஆயில் எரிகிறது. வெள்ளையாக நின்று, கண்ணும் எரிந்தால் டீசல் சரியாக எரியவில்லை, இன்ஜெக்டரைப் பார்க்க வேண்டும். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது மட்டும் கறுப்பாகத் தள்ளினால் டர்போ ஹோஸ் எங்காவது கிழிந்திருக்கலாம், ஃபில்டர் அடைத்திருக்கலாம், புகையில் ஒரு பகுதியைத் திரும்ப இன்ஜினுக்குள் விடும் ஈ.ஜி.ஆர். வால்வாகவும் இருக்கலாம்.

அடுத்தது பேக் கம்ப்ரஷன், அதாவது இன்ஜினுக்குள் எரிகிற வாயு பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே கசிகிறதா என்பது. இன்ஜின் ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியைத் திருகித் திறந்து, அதே ஓட்டை மேல் சும்மா கவிழ்த்து வையுங்கள். லேசாக நடுங்கினால் இந்த வயசுக்கு அது பரவாயில்லை. குதித்துக் கீழே விழுந்தாலோ, குபுகுபுவென்று புகை வந்தாலோ ரிங், போர் தேய்ந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக் கம்பியில் ஆயில் கறுப்பாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம், டீசலில் ஆயில் மாற்றிய கொஞ்ச நாளிலேயே கறுத்துவிடும். அளவு மேல் கோட்டைத் தாண்டி, முகர்ந்தால் டீசல் வாடை வந்தால்தான் சிக்கல். கூலன்ட் டேங்கில் வெறும் குழாய்த் தண்ணீர் ஊற்றி வைத்திருக்கிறார்களா, மேலே எண்ணெய் மிதக்கிறதா, ஸ்டார்ட் பண்ணிய சற்று நேரத்திலேயே ரேடியேட்டர் ஹோஸ் கல்லு மாதிரி இறுகுகிறதா, இதெல்லாம் ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் ஹெட்டுக்கு அடியில் வரும் பேக்கிங்) சமாச்சாரமாக இருக்கலாம்.

லேத்துப்பட்டறை
டீசல்புகை சொன்னது எல்லாம் சரி, வரிசைதான் தப்பு. தம்பி சிவா, நீங்கள் இன்ஜினைக் கடைசியாகப் பாருங்கள். இன்ஜின் போனால் காசு செலவாகும், ஆனால் கட்டிக்கொள்ளலாம். ஸ்கார்பியோவுக்கு ஊர் ஊருக்கு வேலை தெரிந்த ஆள் இருக்கிறான், 2002ல் இருந்து ரோட்டில் ஓடுகிற வண்டி, சாமானுக்கும் பஞ்சமில்லை. சேஸிஸ் வளைந்திருந்தாலோ அரித்திருந்தாலோ அதை யாரும் பழையபடி ஆக்கித் தர முடியாது. இது கார் மாதிரி ஒரே கூடு கிடையாது, அடியில் ஏணி மாதிரி சேஸிஸ் தனி, அதன் மேல் ரப்பர் வைத்து போல்ட்டில் உட்கார்ந்திருக்கும் பாடி தனி. அதனால் மேலே என்ன அடி பட்டிருந்தாலும் டிங்கரிங், பட்டி, பெயின்ட் என்று பளபளப்பாக்கிவிடலாம், கீழே உள்ள கதையை யாரும் குனிந்து பார்ப்பதில்லை. விற்கிறவனுக்கும் அது நன்றாகத் தெரியும்.

ஒரு லிஃப்டிலோ, வாட்டர் சர்வீஸ் ரேம்பிலோ ஏற்றச் சொல்லுங்கள். அதற்கு மறுத்தால் அங்கேயே கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடலாம். ஏற்றிய பிறகு முன் பம்பருக்குப் பின்னால் சேஸிஸின் இரண்டு நுனியையும் பாருங்கள், ரேடியேட்டரைத் தாங்கும் குறுக்குச் சட்டம் அங்கேதான் வரும். முன்னால் இடித்த வண்டி என்றால் அங்கே தெரியாமல் போகாது. கம்பெனி வெல்டிங் ஒரே சீராக ஓடியிருக்கும், பட்டறை வெல்டிங் திட்டுத்திட்டாக, பக்கத்தில் தெறித்த பொட்டுகளோடு இருக்கும், கிரைண்டர் கீறலும் தெரியும். இடது வலது இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் பழைய கறுப்பு, மறுபக்கம் நேற்று அடித்த மாதிரி கறுப்பு என்றால் ஒரு ஸ்க்ரூ டிரைவரை வைத்துச் சுரண்டிப் பார்த்துவிட வேண்டியதுதான். விற்கிறவன் முகம் மாறும், மாறட்டும்.

அப்புறம் துரு. மேலாக இருக்கும் சிவப்புத் துரு எல்லாப் பழைய வண்டியிலும் இருக்கும், அதற்கு ஓடிவிடாதீர்கள். சேஸிஸ் சட்டத்தில் தண்ணீர் வடிய ஓட்டைகள் விட்டிருப்பார்கள், அதில் விரலை விட்டுப் பாருங்கள். உள்ளே சேறு காய்ந்து கட்டியாக இருந்தால், அதற்கடியில் இரும்பு செதில் செதிலாகப் பெயர்ந்திருக்கும். ஸ்பேனர் முனையால் சட்டம் நெடுகத் தட்டிக்கொண்டே போனால் நல்ல இரும்பு டங் என்று சொல்லும், உள்ளே தின்றுபோன இடம் டொப் என்று சத்தமே எழும்பாமல் இருக்கும். பின் சக்கரத்துக்கு மேலே, ஸ்டெப்னி தொங்கும் குறுக்குச் சட்டம், பாடி ரப்பர் உட்காரும் பிராக்கெட், இந்த மூன்று இடத்தையும் விடவே விடாதீர்கள்.

திருநகர் சிவா
அண்ணே, ரொம்ப நன்றி. அந்தக் கம்பி கார்டு பற்றி யாரும் சொல்லவில்லையே, அது இருப்பது நல்லதா?

லேத்துப்பட்டறை
நல்லதும் இல்லை, சட்டப்படியும் கிடையாது. 2017 டிசம்பரில் மத்திய அரசு அந்த மாதிரி கார்டுகளைக் கழற்றச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. வாங்குகிறவனுக்கு அதில் வேறு ஆபத்து. அந்தக் கம்பியை நேராக சேஸிஸ் நுனியில்தான் முறுக்கியிருப்பார்கள். மாடு, மரம், முன்னால் போன டிராக்டர் எதில் இடித்திருந்தாலும் பம்பருக்கு ஒன்றும் ஆகியிருக்காது, அடி முழுக்க சேஸிஸுக்கு இறங்கியிருக்கும். வெளியே ஒரு கீறல்கூட இருக்காது. கட்சிக்காரர் வண்டியாக ஓடியிருந்தால் இன்னும் கவனம். கூட்டம், கான்வாய் என்று விரட்டியே ஓட்டியிருப்பார்கள், டேஷ்போர்டு ஓரத்தில் கொடிக்கம்பு கட்டிய தடம், சைரனுக்கு இழுத்த ஒயர் ஏதாவது மிச்சமிருக்கும், பாருங்கள்.

கடலோரக்காரன்
தூத்துக்குடி வண்டி என்றதும் உள்ளே வந்தேன். இரண்டு விஷயம். ஒன்று உப்புக்காற்று. உப்பளம் பக்கம், துறைமுகம் பக்கம் தினமும் நிறுத்திய வண்டியும், ஊருக்கு உள்ளே ஷெட்டில் நின்ற வண்டியும் ஒன்றில்லை. ஓனர் எங்கே வேலை பார்த்தார் என்று பேச்சுவாக்கில் கேட்டுவிடுங்கள்.

இரண்டாவது, அதைவிடப் பெரியது, 2023 டிசம்பர் 17, 18 வெள்ளம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது, தூத்துக்குடி டவுனில் பல தெருக்களில் நாள்கணக்கில் தண்ணீர் வடியவில்லை. சென்னையில் 2015லும், 2023 மிக்ஜாம் சமயத்திலும் முங்கிய வண்டிகளைக் கழுவித் துடைத்து வேறு ஊரில் விற்றார்களே, அதே கதை இங்கேயும் உண்டு. ஸ்கார்பியோ உயரமான வண்டி, தண்ணீர் ஏறியிருக்காது என்று சொல்வார்கள். ஓடுகிற வண்டிக்கு வேண்டுமானால் அது சரி, தெருவில் இரண்டு நாள் நின்ற வண்டிக்குச் செல்லாது.

புது சீட் கவர் என்று எழுதியிருக்கிறீர்கள், அதைப் பற்றி நான் யோசிப்பேன். சீட்டை முழுக்கப் பின்னால் தள்ளிவிட்டுத் தண்டவாளத்தையும் அதன் போல்ட்டையும் டார்ச் அடித்துப் பாருங்கள், அந்த இடத்தில் வழக்கமாகத் தண்ணீர் படவே படாது, துரு இருந்தால் காரணம் இருக்கிறது. சீட் பெல்ட்டை முடிவு வரை இழுங்கள். தினசரி பாதி பெல்ட்தான் வெளியே வரும், மிச்சம் உள்ளே சுருண்டே கிடக்கும். சேற்றுத் தண்ணீர் ஏறியிருந்தால் அந்த உள்பாதியில் ஒரு கோடு போட்ட மாதிரி கறை நிற்கும், எவனும் அதைக் கழுவ மாட்டான். ஸ்டீயரிங்குக்குக் கீழே ஃப்யூஸ் பெட்டியில் ஒயர் கனெக்டரைக் கழற்றிப் பார்த்தால் பச்சை பூத்திருக்கும். கடைசி சீட்டுக்குக் கீழே தரை விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். ஏ.சி.யைப் போடாமல் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் உள்ளே உட்காருங்கள், வாசனை ஸ்பிரே தூக்கலாக அடித்தால் எதையோ மறைக்கிறார்கள். வெள்ளத்தில் நின்ற வண்டி வாங்கின மாதம் ஓடும். அப்புறம் ஒரு நாள் ஹாரன் தானாக அடிக்கும், ஒரு நாள் பவர் விண்டோ இறங்காது, ஒரு நாள் நடுரோட்டில் செத்து நிற்கும், எந்த எலக்ட்ரீஷியனாலும் முழுசாகச் சரி பண்ண முடியாது.

ஜிகர்தண்டா
இவ்வளவு தலைவலி எதற்கு? டெல்லி வண்டி வாங்குங்கள். பத்து வருஷம் தாண்டிய டீசலுக்கு வந்த தடைக்குப் பயந்து அங்கே மலிவாகத் தள்ளிவிடுகிறார்கள், உப்புக்காற்றும் கிடையாது. இல்லையென்றால் பழைய ரெனோ டஸ்டர் எடுங்கள், மைலேஜும் கிடைக்கும்.

ஆர்டிஓ_வாசல்
ஜிகர்தண்டா, மலிவு அங்கே இருந்து கிளம்பும்வரைதான். 2015 பசுமைத் தீர்ப்பாய உத்தரவுக்கும், 2018ல் அதை உச்ச நீதிமன்றம் உறுதிசெய்ததற்கும் பிறகு அங்கிருந்து நிறைய வண்டி வெளியே வந்தது உண்மைதான். ஆனால் இங்கே கொண்டுவந்தால் அந்த ஊர் ஆர்.டி.ஓ.வின் என்.ஓ.சி. (ஆட்சேபம் இல்லை என்ற சான்று) வேண்டும், தமிழ்நாட்டில் ஆயுள் வரி தனியாகக் கட்ட வேண்டும், புது நம்பர் வாங்க வேண்டும், லாரியிலோ ஓட்டியோ கொண்டுவரும் செலவு வேறு. கூட்டிப் பார்த்தால் உள்ளூர் வண்டியிலிருந்து பெரிய வித்தியாசம் வராது. என்.ஓ.சி. இன்னும் வரவில்லை, பின்னால் அனுப்புகிறோம் என்று சொன்னால் ஒரு பைசா கொடுக்காதீர்கள்.

சிவா, உங்கள் வண்டிக்கு வருகிறேன். வாகன் தளத்திலோ எம்-பரிவாகன் ஆப்பிலோ நம்பரைப் போட்டு ஆர்.சி. எதுவரை செல்லும், இன்சூரன்ஸ் இருக்கிறதா, ஹெச்.பி. (லோன் கொடுத்த பேங்கின் பெயர்ப் பதிவு) என்று ஏதாவது நிற்கிறதா பாருங்கள். லோன் அடைத்துவிட்டேன் என்று வாயால் சொல்வது செல்லாது, பேங்க் என்.ஓ.சி.யும் படிவம் 35ம் கொடுத்து ஆர்.சி.யில் ஹெச்.பி.யை நீக்கிய பிறகுதான் பேச்சு. இ-சலானில் அபராத நிலுவை இருக்கிறதா என்றும் பாருங்கள். 2012ல் பதிவான சொந்த வண்டி என்றால் 15 வருஷம் 2027ல் முடிகிறது. அதன் பிறகு எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்டி ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். அந்தக் கட்டணம் முன்பு 600 ரூபாய், 2022 ஏப்ரல் முதல் 5,000 ஆக்கிவிட்டார்கள், பசுமை வரி தனி. இதைச் சொல்லியே விலையில் கொஞ்சம் குறைக்கலாம்.

சேஸிஸ் நம்பரை ஆர்.சி.யோடு ஒத்துப் பாருங்கள். ஆபீஸில் பேப்பரை வைத்துப் பென்சிலால் தேய்த்து பிரின்ட் எடுப்பார்களே, அதையே நீங்களும் செய்யுங்கள். எழுத்து ஒரே ஆழத்தில், ஒரே வரிசையில் இல்லாமல் மேலும் கீழும் இருந்தாலோ, சுற்றி இரும்பைத் தேய்த்த தடம் இருந்தாலோ விட்டுவிடுங்கள், அதற்கு மேல் யோசிக்கவே வேண்டாம்.

பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கிக்கொண்டு அப்படியே பெட்டிக்குள் போட்டு வைக்கும் பழக்கம் நம் ஊரில் உண்டு. வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். விற்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை: பெயர் மாறாமல் வண்டி விபத்தில் சிக்கினால் ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018ல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

டீசல்புகை
டஸ்டர் மோசமில்லை ஜிகர்தண்டா, ஆனால் அந்த 1.5 டீசலில் டைமிங் பெல்ட் உண்டு, மாற்றியதற்கு பில் இல்லாவிட்டால் வாங்கியவுடன் மாற்ற வேண்டும். அதோடு அதில் ஐந்து பேர்தான். சிவா வீட்டில் மீதி இரண்டு பேர் பஸ்ஸில் வருவார்களா?

மலைரோடு
ஓட்டிப் பார்ப்பதைப் பற்றி யாரும் எழுதவில்லை. நான் கொடைக்கானல் ரோட்டில் தினம் ஓட்டுகிறவன். விற்கிறவர் பக்கத்தில் உட்கார்ந்து பாட்டுப் போடுவார், முதலில் அதை அணையுங்கள். நாலாவது கியரில் 40ல் போய்க்கொண்டிருக்கும்போது ஒரே அழுத்தாக மிதியுங்கள். இன்ஜின் சத்தம் மட்டும் ஏறி வண்டி ஏறாவிட்டால் கிளட்ச் முடிந்தது. ஆக்சிலரேட்டரை விட்டு விட்டுப் பிடிக்கும்போது அடியில் கட் கட் என்று வந்தால் பின் ஆக்சிலைச் சுழற்றும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் மூட்டு (கிராஸ்) தேய்ந்திருக்கிறது, அது சின்ன செலவுதான். 60, 70ல் பின்னாலிருந்து ஊளை மாதிரி ஒரு சத்தம் வந்து, மிதிக்கும்போது ஒரு மாதிரியும் விடும்போது வேறு மாதிரியும் கேட்டால் பின் ஆக்சிலுக்குள் இருக்கும் கிரவுன் பினியன் பல்சக்கரம், அது பெரிய செலவு. காலி ரோட்டில் பிரேக்கை அழுத்திப் பாருங்கள், ஸ்டீயரிங் கையில் உதறினால் டிஸ்க் கோணியிருக்கிறது. ஒரு பக்கமாக இழுத்தால் வீல் அலைன்மென்ட்டாகவும் இருக்கலாம், லேத்துப்பட்டறை சொன்ன சேஸிஸ் சமாச்சாரமாகவும் இருக்கலாம். டயர் தேய்மானத்தைப் பாருங்கள், உள் ஓரம் மட்டும் வழித்து எடுத்த மாதிரி தேய்ந்திருந்தால் லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட் எல்லாம் போயிருக்கலாம்.

டயரில் நாலு இலக்கம் ஒரு கட்டத்துக்குள் இருக்கும், 2319 என்றால் 2019ன் 23ஆவது வாரம் செய்தது. பட்டன் (டயரின் மேல் கட்டைகள்) தேயாமல் நிறைய இருந்தாலும் ஆறேழு வருஷம் தாண்டிய டயரில் மலை ஏறாதீர்கள். இந்த வண்டிக்கு 235/70 ஆர் 16 வரும், அதைவிட அகலமாக ஏதாவது மாட்டியிருந்தால் முழுசாக ஒடித்துத் திருப்பும்போது உரசுகிறதா என்று பாருங்கள்.

முக்கியமாக ஏ.சி.யைப் போட்டு ஒரு ஏற்றம் ஏற்றுங்கள். தூத்துக்குடியில் ஏற்றம் எங்கே என்று கேட்பீர்கள், பாலம் எதிலாவது இரண்டு மூன்று தடவை ஏறி இறங்கிவிட்டு, நல்ல வெயிலில் நிறுத்தி ஏ.சி. ஓட விடுங்கள். டெம்பரேச்சர் முள் நடுவைத் தாண்டக் கூடாது, ஃபேன் ஓட வேண்டும். உங்களுக்குப் போடி மெட்டுப் பக்கம் போகிற வேலை இருப்பதால் கூலிங்கில் சமரசமே வேண்டாம்.

திருநகர் சிவா
இது 4x4, நாலு சக்கரமும் இழுக்கும் என்கிறார் விற்கிறவர். அதை எப்படிப் பார்ப்பது?

மலைரோடு
மண் தரையில் மட்டும் போட்டுப் பாருங்கள், தார் ரோட்டில் போட்டு வளைக்காதீர்கள், இதில் முன் பின் ஆக்சில் இரண்டும் இறுகிப் பூட்டிக்கொள்ளும், கியர் பெட்டிக்கு ஆகாது. ஸ்விட்சைத் திருப்பியதும் டேஷ்போர்டில் லைட் எரிவதோடு விட்டுவிடக் கூடாது. நிறுத்தி, நியூட்ரலில் லோ (4x4ன் மெதுவான, இழுவை கூடிய கியர்) போட்டு மெதுவாக எடுங்கள், வண்டி ஊர்ந்து இழுப்பது காலில் தெரியும். வருஷக்கணக்காக யாரும் அதைத் தொடாமல் 4x4 மாற்றும் மோட்டார் இறுகிப்போன வண்டிகள்தான் அதிகம். வேலை செய்யாவிட்டால் இரண்டு சக்கரம் மட்டும் இழுக்கும் ஸ்கார்பியோ விலையைப் பேசுங்கள், 4x4 என்று தனியாக விலை கொடுக்க வேண்டாம்.

கடலோரக்காரன்
அந்த 1,38,000ஐ யாராவது நம்புகிறீர்களா? பன்னிரண்டு வருஷம் தாண்டிய டீசல் ஸ்கார்பியோ இவ்வளவுதான் ஓடியிருக்கும் என்றால் எனக்கு நம்பிக்கை வரவில்லை.

டீசல்புகை
இருக்கவும் செய்யலாம், ஊருக்குள் மட்டும் ஓட்டிய டாக்டர், வாத்தியார் வண்டிகள் உண்டு. மீட்டரை விடுங்கள், கால் வைக்கும் இடத்தைப் பாருங்கள். கிளட்ச் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்து ஓரம் பிய்ந்திருக்கிறதா, ஸ்டீயரிங்கில் கை பிடிக்கும் இடம் மழுங்கியிருக்கிறதா, டிரைவர் சீட் ஏறி இறங்கும் ஓரம் அமுங்கியிருக்கிறதா. பெடல் ரப்பர் மட்டும் புத்தம்புதுசாக இருந்தால் இன்னும் சந்தேகம். கம்பெனி சர்வீஸ் சென்டரில் வண்டி நம்பர் சொல்லிப் பழைய ஹிஸ்டரி கேட்டுப் பாருங்கள், ஓனர் சம்மதித்தால் காட்டுவார்கள். 2017லேயே 1,60,000 என்று அங்கே பதிவாகியிருந்தால் அதற்கு மேல் என்ன பேச்சு. அதோடு ஸ்கேனர் வைத்திருக்கும் ஆளைக் கூட்டிப் போங்கள், இன்ஜெக்டருக்கு டீசல் அனுப்பும் குழாயின் அழுத்தம் (ரயில் பிரஷர்) ஆடுகிறதா, எரர் கோடை அன்று காலையில்தான் அழித்திருக்கிறார்களா என்பதெல்லாம் அதில் தெரியும். டர்போ, நாலு இன்ஜெக்டர், நாலு டயர் என்று ஒன்றாக வந்து நின்றால் லட்சத்தைத் தாண்டிவிடும், அதை மனதில் வைத்து விலை பேசுங்கள்.

திருநகர் சிவா
போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். இன்ஜின் அருமை, குழாய்த் தண்ணீர் இல்லை, சுத்தமான கூலன்ட், ஆயில் மூடி லேசாக நடுங்கியதோடு சரி. சீட் பெல்ட்டில் கறை இல்லை, தண்டவாளத்திலும் துரு இல்லை, வெள்ளத்தில் நின்ற வண்டி இல்லை என்றுதான் தோன்றுகிறது. 4x4 லோவில் நன்றாகவே இழுத்தது. ரேம்பில் ஏற்றியபோதுதான் விஷயம். முன் இடது சேஸிஸ் நுனியில் மட்டும் புது அண்டர்கோட், கையில் ஒட்டுகிறது. என் மெக்கானிக் சுரண்டியதும் உள்ளே இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு பட்டை வைத்து வெல்டு அடித்திருக்கிறார்கள். கம்பி கார்டு பிராக்கெட்டுக்குச் சரியாகப் பின்னால். ஓனர் "அது சின்ன இடி சார், அந்தக் கார்டு மாட்டும்போது பலத்துக்கு வைத்தது" என்றார். பிறகு அவரே முப்பதாயிரம் குறைத்துக்கொள்கிறேன் என்றார். வீட்டில் எல்லாருக்கும் வண்டி பிடித்துவிட்டது, அதுதான் பிரச்சினை.

லேத்துப்பட்டறை
பலத்துக்குப் பட்டை வைத்தால் இரண்டு பக்கமும் வைப்பான் தம்பி. ஒரு பக்கம் மட்டும் வைத்திருக்கிறான் என்றால் அந்தப் பக்கம் மடிந்து, இழுத்து நிமிர்த்தி, விரிசல் தெரிந்த இடத்தில் ஒட்டியிருக்கிறான். உறுதியாகத் தெரிய வேண்டுமா, ஒரு டேப் எடுத்து முன் சக்கர நடுவிலிருந்து பின் சக்கர நடு வரை இரண்டு பக்கமும் அளங்கள், சக்கரம் நேராக இருக்கும்போது. பிறகு அடியில் சேஸிஸின் அதே இரண்டு ஓட்டைகளுக்கு நடுவே குறுக்காக, எக்ஸ் போட்ட மாதிரி இரண்டு அளவு. ஐந்து மில்லிமீட்டருக்குள் இருந்தால் பேசலாம். ஒரு சென்டிமீட்டரைத் தாண்டினால் முப்பதாயிரம் இல்லை, ஒரு லட்சம் குறைத்தாலும் எடுக்காதீர்கள். போடி ரோட்டில் ஏழு பேரை வைத்துக்கொண்டு இறங்கப் போகிறீர்கள்.

திருநகர் சிவா
மெக்கானிக்கை விட்டு இன்று அளக்கச் சொன்னேன். சக்கர அளவில் 14 மி.மீ. வித்தியாசம், குறுக்களவில் அதைவிடக் கொஞ்சம் கூடுதல். அட்வான்ஸ் எதுவும் கொடுக்கவில்லை, வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சிவகாசியில் இன்னொன்று இருக்கிறது, 2013, முதல் ஓனர், அச்சாபீஸ் வைத்திருக்கிறவர், கார்டு கீர்டு எதுவும் இல்லை, பெயின்ட் மங்கித்தான் இருக்கிறது. ஆர்.சி.யில் மட்டும் ஹெச்.பி. நிற்கிறது, லோன் 2017லேயே முடிந்துவிட்டதாம், பேங்க் லெட்டர் கையில் இருக்கிறது என்கிறார்.

ஆர்டிஓ_வாசல்
2017 லெட்டரை இப்போது கொடுத்தால் பழையது என்று திருப்பி அனுப்ப வாய்ப்புண்டு. அவரையே பேங்குக்குப் போய்ப் புது என்.ஓ.சி.யும் கையெழுத்து வைத்த படிவம் 35ம் வாங்கிவரச் சொல்லுங்கள், வண்டி அவர் பெயரில் இருக்கும்போதே ஹெச்.பி.யை நீக்கட்டும். மங்கின பெயின்ட் என்றால் எனக்கும் கொஞ்சம் ஆசைதான், நீங்கள் எடுக்காவிட்டால் நம்பரை எனக்குத் தனியாக அனுப்புங்கள்.